முற்றத்தில் வெந்நீர்க் குளம்!
"பிளக்"கைச் செருகினால் மட்டும் போதுமா?

அந்தப் பையனுக்கு மூட்டு வாதம். குழந்தைப் பருவத்திலேயே வந்துவிட்ட நோய். ஆஸ்பத்திரியில் சுழல் நீர்த் தொட்டியில் உட்கார்த்தினால் வலி குறையும். வீட்டுக்கு வந்தால் பழையபடி வேதனைதான்.

தகப்பனார் கேண்டிடோ ஜக்குஸ்ஸி இத்தாலியில் பிறந்தவர். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் குடியேறி, சகோதரர்களுடன் பம்புத் தொழில் நடத்தி வந்தார். கிணற்றுப் பம்பு செய்த கை, மகன் குளிக்கும் தொட்டிக்கும் ஒரு பம்பு செய்தது. 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. 1968-ல் அதே குடும்பத்தைச் சேர்ந்த ராய் ஜக்குஸ்ஸி, பம்பும் தொட்டியும் ஒன்றாக இணைந்த குளியல் தொட்டியை உருவாக்கினார்.

இன்று அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தாரும் வீட்டின் பின்முற்றத்தில் வெந்நீர்த் தொட்டி வைக்கிறார்கள். சிறிய தொட்டிக்கு 240 வோல்ட் மின்கம்பி இழுக்க வேண்டாம். சுவரில் உள்ள சாதாரண 120 வோல்ட் "பிளக்"கே போதும். எலக்ட்ரீசியன் செலவு மிச்சம்!

ஆனால் அங்கேதான் சங்கடமும் இருக்கிறது.

இந்தச் சிறு தொட்டியில் ஏறக்குறைய 950 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதன் ஹீட்டரோ பெரும்பாலும் 1,000 முதல் 1,500 வாட் வரைதான். 1,000 வாட் ஹீட்டர் அவ்வளவு தண்ணீரை ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரி சூடாக்கவே திணறும். 15 டிகிரியில் இருக்கும் குழாய்த் தண்ணீர் 38 டிகிரிக்கு வர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடும். 240 வோல்ட் தொட்டிக்கு இதே வேலை ஐந்தாறு மணி நேரந்தான். அதுமட்டுமா? பல சிறு தொட்டிகளில், தண்ணீர் வேகமாகப் பீய்ச்சும்போது ஹீட்டர் நின்றுவிடும். இரண்டையும் ஒருசேரத் தாங்க அந்தப் "பிளக்"குக்குச் சக்தி இல்லை. கடும் பனி விழும் ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வாங்க வேண்டும். கனமான மூடி இருந்தால்தான் பிடித்த சூடு நிற்கும்.

கார் கனம்!

தண்ணீர் 950 கிலோ. தொட்டி சுமார் 150 கிலோ. மூன்று பேர் இறங்கினால் இன்னும் 225 கிலோ. மொத்தம் 1,300 கிலோவுக்கு மேல்! ஓர் அம்பாசிடர் காரைவிட அதிகம். நல்ல கான்க்ரீட் தளம் தாங்கும். அமெரிக்க வீடுகளில் உள்ள மரத் தளம் வழக்கமாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு பாரத்துக்கே போடப்படுகிறது. இந்தத் தொட்டியோ சதுர அடிக்கு 100 பவுண்டு வரை அழுத்தும். மரத் தளத்தில் வைப்பதானால் முதலில் என்ஜினீயரிடம் காட்டியாக வேண்டும்.

தண்ணீரும் மின்சாரமும் ஜென்மப் பகையாளிகள். ஆகவே மின்சாரம் கசிந்தால் கண நேரத்தில் துண்டிக்கும் கருவி, ஒயரிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஒயர் 15 அடிக்கு மேல் போகக் கூடாது. சுவர்ப் "பிளக்" தொட்டியிலிருந்து 6 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். எட்டவில்லையென்று இன்னொரு ஒயரை ஒட்டுப் போடுவது உயிரோடு விளையாடுவதாகும்.

சூடு 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகள், இருதய நோயாளிகள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. மது அருந்திவிட்டு இறங்கி மயங்கியவர்கள் மூழ்கிப்போனதுண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் மூடிக்குப் பூட்டு அவசியம். குளோரின் குறைந்தால் வெந்நீரில் கிருமி பெருகித் தோலில் சிரங்கு போல் புறப்படும். சில கிருமிகள் நுரையீரலையும் தாக்கும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் நல்லது.

"நான்கு பேர் உட்காரலாம்" என்று விளம்பரம் சொல்லும். நான்கு பேர் உட்கார்ந்தால் எட்டு முழங்கால் இடிக்கும்! சில கடைகளில் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் இறங்கிப் பார்க்க விடுகிறார்கள். வீட்டில் யாருக்கு மூட்டு வலியோ அவரையே அழைத்துப் போய், படியேறி இறங்க முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. மாற்று உடையும் ஒரு துண்டும் கையோடு இருக்கட்டும்.