ஈருருளி வண்டியும் எளிய வாழ்வும்

நம் மாணவருட் பலர், மோட்டார் வண்டி வாங்க வகையில்லாதவனது ஊர்தியே சைக்கிள் என்று எண்ணுகின்றனர். யாமும் சில காலம் அங்ஙனமே எண்ணியிருந்தோம். சென்ற ஆடியில் மூன்று நாள் விடுமுறை கிடைத்தபோது, யாம் நால்வர் மதுரையினின்று மேலூர், திருப்பத்தூர், திருமயம் வழியாகப் புதுக்கோட்டை வரை ஈருருளியிற் சென்று மீண்டோம். அப்பயணத்தால் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

கால் வலிமை ஒன்றால் இத்துணைத் தொலைவு செல்லலாகுமோ என்று ஐயுறுவாருக்கு ஒரு செய்தி. 1923-ஆம் ஆண்டு அக்டோபரிற் பம்பாயினின்று புறப்பட்ட பார்சி இளைஞருள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ருஸ்தம் பும்கரா என்னும் மூவர் உலகைச் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினர். கடந்த தொலைவு ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். இதன் சூழ்ச்சி யாது? நடப்பவன் ஒவ்வோரடியிலும் தன் உடற்பாரத்தைச் சிறிது தூக்கி இறக்குகின்றான். ஈருருளியிலோ பாரத்தை இருக்கை தாங்குகின்றது. தொடையின் பெருந்தசைகள் சக்கரத்தை உருட்டும் வேலையை மட்டும் செய்கின்றன. ஆக்ஸ்போர்டைச் சார்ந்த எஸ். எஸ். வில்சன் 1973-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒரே தொலைவைக் கடக்க நடப்போன் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே சைக்கிளில் ஏறினவனுக்குப் போதும். காலையில் உண்ட பழைய சோறே இவ்வண்டிக்குப் பெட்ரோல்.

விடியுமுன் புறப்பட்டோம். யானைமலையின் அடியிற் பொழுது புலர்ந்தது. மேலூரை அணுகவே, 1895-இற் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் நீரால் விளையும் வயல்கள் இருமருங்கும் தோன்றின. ஆடிக் காற்று மேற்கினின்று வீசி முதுகைத் தள்ளியது. யாமோ அவ்விரைவு எம் கால்களின் பெருமை என்று களித்தோம். மேலூருக்கு அப்பால் ஒருவன் வண்டி பஞ்சர் ஆயிற்று. ட்யூபை வாளி நீரில் அமிழ்த்திக் குமிழி எழுமிடம் கண்டு, தேய்த்துப் பசையிட்டு ஒட்டும் சிறு தொழிலைக் கடைக்காரப் பெரியவர் எம்மைக்கொண்டே செய்வித்தார். எம் மூட்டைகளை நோக்கி, “தம்பி, வீட்டையே கட்டிக்கிட்டு வந்தீங்களா?” என்றார். நாணினோம். ஆளுக்கு ஒரு மாற்றுடை, ஒரு துண்டு, தண்ணீர், ஒட்டுச் சாமான் இவையே தேவை என்பது இரண்டாம் நாளில் தெளிவாயிற்று. எஞ்சியவற்றை வீணே சுமந்தோம்.

புதுக்கோட்டையை நாடியதற்குக் காரணமுண்டு. 1991-ஆம் ஆண்டளவில் அம்மாவட்டத்து அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தது. அப்பொழுது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார் அதனைப் பெரிதும் ஊக்கினார். வயற்கூலிப் பெண்களும் கல்லுடைக்கும் பெண்களும் ஏளனத்தைப் பொருட்படுத்தாது கற்றனர். 1992-ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி மணியொலித்துப் புதுக்கோட்டை வீதிகளில் வண்டியோட்டினர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதனை விரிவாக எழுதியுள்ளார். பெண்களுக்குரிய வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியை வாங்கியோர், பின்னர் அதனையே விரும்பினராம். அதன் குறுக்குக் கம்பியிற் குழந்தையை அமர்த்தலாமன்றோ! பஸ்ஸுக்குக் காத்திருந்து கெட்ட பொழுது மிச்சமாயிற்று. தண்ணீர்க் குடம் இடுப்பினின்று இறங்கிப் பின் இருக்கை ஏறியது. கூட்டிச்செல்ல ஓர் ஆண் வேண்டுமென்ற நிலை மாறிற்று. பாடநூல்களில் யாம் படித்த பெண்விடுதலைச் சொற்பொழிவுகளினும் இக்கம்பி மிகுதி செய்ததோ என்று எமக்குத் தோன்றுகின்றது. 2001-இல் தமிழக அரசு ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு இலவசச் சைக்கிள் வழங்கத் தொடங்கி, பின்னர் அதனைப் பிறருக்கும் விரித்தது.

திருமயத்தருகே தேநீர்க்கடை நடத்தும் அம்மா ஒருவர் எம் வண்டிகளைக் கண்டு நகைத்து, முழங்காலின் பழந்தழும்பைக் காட்டினார். அறிவொளிக் காலத்தில் விழுந்ததாம். “எம் மக ஸ்கூட்டி வச்சிருக்கா. பெட்ரோல் போடக் காசில்லேன்னா இதைத்தான் எடுப்பா” என்று சுவரிற் சாத்திய பழைய வண்டியைச் சுட்டினார். தேநீருக்குக் காசு வாங்க மறுத்தார்.

மீண்ட நாளில் அதே காற்று எதிர்த்தது. சென்றபோது இரண்டு மணியிற் கடந்த வழிக்கு நான்கு மணி ஆயிற்று. நான்குவழிச் சாலையின் ஓரத்தில் லாரிகள் உராய்ந்து செல்ல, ஈருருளிக்கென ஒரு முழம் இடமும் அங்கில்லை. இக்குறையைச் சாலை வகுப்போர் ஏன் நினைப்பதில்லையோ அறியோம். மேலூர் பஸ் நிலையத்தருகே, வண்டிகளைப் பஸ்மேல் ஏற்றிவிடலாமா என்று வாக்கெடுத்தோம். இருவர் ஆம் என்றனர், இருவர் அன்று என்றனர். முடிவெய்தாது வாதிட்டுக்கொண்டே மிதித்து, இரவு எட்டு மணிக்கு விடுதி சேர்ந்தோம்.

இன்று நால்வருள் இருவர் வகுப்புக்கும் கடைக்கும் அவ்வண்டியிலேயே செல்கின்றோம். மூன்றாமவன் ஞாயிறுதோறும் ஏறுகின்றான். நான்காமவன் தன் வண்டியை விற்றுவிட்டான். வாங்கியவர் விடுதிச் சமையற்கார அண்ணன்.