தாய்ப்பாலும் அக்கர நோயும்

தாய்ப்பாலின் மேன்மையைப் பற்றிப் பேசாதவர் இல்லை. வானொலியிற் பேசுகிறார்கள், பாடநூல்களில் எழுதுகிறார்கள், வைத்தியசாலைச் சுவர்களிற் படம் வரைந்து ஒட்டுகிறார்கள். ஆனால் அப்பாலை ஊட்டும் தாய்க்கு நேரும் நோவைப் பற்றி வாய்திறந்து பேசுவோர் மிகச் சிலரே. கூச்சம் ஒரு காரணம். "பிள்ளை பெற்றவளுக்கு நோகாமல் இருக்குமோ" என்னும் அலட்சியம் மற்றொரு காரணம். இவ்வாறு பேசாதிருப்பதனால், நோவைப் பொறுக்கமாட்டாது இரண்டாம் மாதத்திலேயே பாலை நிறுத்திவிடும் தாய்மார் நம்மிடையே இருக்கின்றனர். அந்நோவின் காரணங்களுள் ஒன்றாகிய அக்கரம் என்னும் நோயைப் பற்றி இன்று நேயர்களோடு சிறிது பேச விரும்புகிறேன். நான் வைத்தியர் அல்லேன். கலைப்பட்டம் பெற்று ஆசிரியத் தொழில் புரிபவள். ஆயினும், திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலை ஒன்றில் இளம் ஆசிரியைகளோடும் மாணவரின் தாய்மாரோடும் நாள்தோறும் பழகுவதால், இப்பொருள் எனக்குப் புதியதன்று.

குழந்தையின் நாவிலும் உட்கன்னத்திலும் ஈறுகளிலும் தயிர்த்துளிகள் சிதறினாற் போன்ற வெண்படலம் படர்வதையே நம் முன்னோர் அக்கரம் என்றனர். இதனை உண்டாக்குவது மதுவ இனத்தைச் சேர்ந்த ஒரு பங்கசு. 1839ஆம் ஆண்டில் லாங்கன்பெக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் இத்தகைய படலத்தில் பங்கசு இருப்பதைக் கண்டார். 1923இல் கிறிஸ்டீன் பேர்கவுட் என்னும் ஒல்லாந்து நாட்டுப் பெண் அறிஞர் அதன் இனத்துக்குக் கன்டிடா என்று பெயரிட்டார். இன்று அதன் முழுப்பெயர் கன்டிடா அல்பிகன்ஸ். இலத்தீனில் இரு சொற்களுமே வெண்மையைக் குறிப்பன. "வெள்ளை வெளேர்" என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. பெயர் ஏதாயினும் இது வெளியிலிருந்து வந்த பகைவன் அன்று. நம்மிற் பெரும்பாலோர் உடலில் எத்தீங்கும் செய்யாது தங்கியிருப்பதே. பிறக்கும்பொழுது தாயின் உடலிலிருந்து குழந்தையின் வாய்க்குச் செல்வதும் உண்டு. தாயோ சேயோ நுண்ணுயிர்கொல்லி மருந்து உட்கொண்ட பின்னர், இப்பங்கசை அடக்கிவைத்திருந்த நல்ல பற்றீரியாக்கள் குறைந்துபோக, அது தலையெடுக்கின்றது. நீரிழிவு உள்ள தாய்மாரிடம் இது எளிதிற் பற்றும்.

வெள்ளையாய் இருப்பதெல்லாம் அக்கரம் ஆகிவிடாது. பால் குடித்த குழந்தையின் நா வெளுத்திருப்பது இயல்பே. அது சிறிது நேரத்தில் தானே கரைந்துவிடும். ஈரத்துணியால் மெல்ல ஒற்றினாலும் போய்விடும். அக்கரம் அவ்வாறு போகாது. வலிந்து தேய்த்தால் அடியிற் சிவந்த புண் தெரியும்; சிலவேளை இரத்தமும் கசியும். ஆகவே தேய்த்துப் பார்க்கும் சோதனையை ஒருவரும் செய்ய வேண்டா. கன்னத்தின் உட்புறத்திலும் ஈற்றிலும் வெண்மை இருந்தாலே ஐயுறலாம். அரையிடுக்கிற் சிவந்த தடிப்பு உண்டா என்பதையும் பார்த்தல் நன்று. அதே பங்கசு அங்கும் படரும்.

தாயின் நிலை இன்னும் நுணுக்கமானது. சில வாரங்கள் நோவின்றிப் பாலூட்டி வந்தவளுக்கு, திடீரென இரு மார்பின் காம்புகளிலும் எரிவு தோன்றுகின்றது. குழந்தை வாயை எடுத்த பின்னரும் அரை மணி, ஒரு மணி நேரம் அது நீடிக்கின்றது. காம்பு பளபளத்துச் சிவந்து காணலாம். ஒன்றும் காணப்படாமலும் இருக்கலாம். ஆனால் பாலூட்டத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே நோவு இருக்குமாயின், அல்லது ஒரு பக்கம் மட்டும் நொந்தால், காரணம் பெரும்பாலும் வேறு. குழந்தை காம்பை மாத்திரம் கவ்விச் சப்புவதே முதற்காரணம். காம்பைச் சூழ்ந்த கரிய வட்டத்தின் பெரும்பகுதியும் அதன் வாய்க்குள் இருத்தல் வேண்டும். காய்ச்சலும், மார்பில் ஓரிடத்திற் சிவந்து கட்டியாய் இறுகுவதும் மார்பழற்சியின் குறிகள். அதற்குச் சிகிச்சை வேறு, தாமதமும் ஆகாது. மார்பின் ஆழத்திற் குத்தும் நோவுக்கு இப்பங்கசு எவ்வளவு பொறுப்பு என்பதில் அண்மைக்கால ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆதலால், நோவென்றதும் தாமே மருந்துக்கடைக்குச் சென்று களிம்பு வாங்குவதிலும், பாலூட்டும் நிலையை ஒருவர் கண்ணாற் பார்க்கச் செய்வதே முதல் வேலை.

அவ்வாறு பார்ப்பதற்கு நம் நாட்டில் ஆள் உண்டு. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைந்த காலந்தொட்டு வளர்ந்த ஒழுங்கின்படி, பொதுச் சுகாதார மருத்துவமாது வீடு தேடி வருகின்றார். உட்துறைமுக வீதியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் அவருக்குத் தெரியாத பிள்ளைப்பேற்று வீடு அரிது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளில் நூற்றுக்கு 82 பங்கினர் தாய்ப்பால் ஒன்றையே பருகுவதாக 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வு கூறிற்று; அப்பெருமையில் இம்மாதர்க்குப் பெரும்பங்கு உண்டு. அவரிடம் பேறுகாலத் தையலைப் பற்றிப் பேசும் பெண், மார்புநோவைச் சொல்ல மட்டும் ஏன் தயங்கவேண்டும்?

இனி வீட்டு வைத்தியம். "பால் சூடாய்ப் போச்சுது பிள்ளை, ரெண்டு நாளைக்கு நிப்பாட்டிப் போட்டு மாக் கரைச்சுக் குடு" என்று அன்போடு சொல்லும் அம்மம்மாமார் எங்கள் ஊரில் உளர். அவர்கள் அன்பை நான் குறைகூறவில்லை. அறிவுரையைத்தான் ஏற்க முடியவில்லை. அக்கரம் இருக்கும்பொழுதும் தாய்ப்பால் நல்ல பாலே. நிறுத்தினால் மார்பிற் பால் கட்டும். பின்பு சுரப்புக் குறையும். சூப்பிப் போத்தலுக்குப் பழகிய குழந்தை மார்பை மறுக்கவுங் கூடும். 2021, 2022ஆம் ஆண்டுகளிற் பால்மாவுக்காக நாம் கடைவாசலில் வரிசையில் நின்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுரக்கும் பாலை வற்றவிட்ட தாய் அக்காலத்திற் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையின் நாவில் தேன் தடவுவது மற்றொரு வழக்கம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் சிறிதும் ஆகாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பற்றீரியா வித்து சிசுவின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலறச் செய்யும். பழைய நாட்களிற் பூசிய ஊதா மருந்தும் மென்மையான வாயைப் புண்படுத்தக்கூடியது. வைத்தியர் சொன்னாலன்றித் தொடற்க.

தக்க மருந்து ஏது என்பீர்களாயின், அதற்கோர் அழகிய வரலாறு உண்டு. எலிசபெத் ஹேசன் நியூயோர்க் நகரில் இருந்த நுண்ணுயிரியலாளர். ரேச்சல் பிரவுண் அல்பனி நகரில் இருந்த இரசாயனவியலாளர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிற் பங்கசைக் கொல்லும் பொருள் உண்டோ என்று தேடிய இவ்விரு மாதரும், கண்ணாடிச் சாடிகளில் மாதிரிகளை இட்டுத் தபாலில் ஒருவருக்கொருவர் அனுப்பி ஆராய்ந்தனர். வெர்ஜீனியா மாநிலத்தில் நண்பரொருவரின் பண்ணை மண்ணிலிருந்து அவர்கள் கண்டெடுத்த பொருளே நிஸ்டாட்டின். 1950இல் அதனை உலகுக்கு அறிவித்தனர். நியூயோர்க் மாநிலத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். உரிமைப் பணமாக வந்த 1 கோடியே 30 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையைத் தமக்கென வைத்துக்கொள்ளாது அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுக்கொடுத்தனர். 1966இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபொழுது, ஓவியங்களிற் படர்ந்த பூஞ்சணத்தை நீக்கவும் இம்மருந்து உதவிற்று என்பது என் போன்ற கலைப்பட்டதாரிக்கு மகிழ்வூட்டும் செய்தி.

நிஸ்டாட்டின் குடலில் ஏறக்குறைய உறிஞ்சப்படுவதே இல்லை. ஆதலின் குழந்தை விழுங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. பால் குடித்து முடிந்த பின்னர், வைத்தியர் குறித்த அளவைப் பாதி பாதியாக இரு கன்னத்தின் உட்புறத்திலும் விடவேண்டும். பாலூட்டுமுன் விட்டால் பாலே அதைக் கழுவிச் சென்றுவிடும். வாய் வெளுப்பு மறைந்தவுடன் நிறுத்திவிடுவது பலர் செய்யும் தவறு. மறைந்தபின்னும் இரண்டு நாளாவது தொடர்தல் வேண்டும். மைக்கனசோல் கூழ் கொடுக்கப்பட்டால், மிகச் சிறிதாக எடுத்து வாயின் முற்பகுதியிற் பூச வேண்டும். தொண்டைப் பக்கம் சென்றால் இளங்குழந்தைக்கு மூச்சடைக்கும். நான்கு மாதம் ஆகாத சிசுவுக்கு இதை வைத்தியரின் சொல்லின்றித் தரலாகாது.

ஒரே வேளையில் தாய்க்கும் சேய்க்கும் மருந்திடுவதே முக்கியமானது. குழந்தையின் வாய்க்கு மட்டும் மருந்து விட்டால், தாயின் காம்பிலிருந்து நோய் மீண்டும் வரும். தாய்க்கு மட்டும் பூசினால் குழந்தையின் வாயிலிருந்து வரும். ஒருவரிடம் குறி தெளிவாகவும் மற்றவரிடம் இன்றியும் இருப்பினும், இருவரையும் வைத்தியரிடம் காட்டுக. தாய்க்குரிய களிம்பைப் பாலூட்டிய பின் மெல்லப் பூசி, அடுத்த முறைக்கு முன் எஞ்சியதைத் துடைத்தாற் போதும்.

எங்கள் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மாரி பிடித்தால் துணி உலர்வது பெரும்பாடு. ஈரச் சட்டையும் பால் நனைந்த துணியும் மார்போடு ஒட்டியிருப்பது பங்கசுக்கு நல்ல விளைநிலம். அக்காலத்தில் துணிகளைக் கொதிநீரில் அலசி, அடுப்பங்கரையிலாவது முற்றாக உலர்த்தவேண்டும். கச்சான் காற்று வீசும் கோடையில் இத்தொல்லை இல்லை. முற்றத்து வெயிலே போதும். சூப்பி இருப்பின் நாள்தோறும் அவிக்க வேண்டும். குழந்தையைத் தூக்குமுன்னும் அரைத்துணி மாற்றியபின்னும் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

நோவு மிகுந்து மார்பிற் பிடிக்கவே இயலாத நாளில், பாலைக் கையாற் பிழிந்து கோப்பையால் ஊட்டலாம். வேலைக்குத் திரும்பிய ஆசிரியைகள் பாலைப் பிழிந்து குளிர்ப்பெட்டியில் உறையவைக்கும் வழக்கம் இப்பொழுது பரவியிருக்கிறது. உறையவைத்தால் இப்பங்கசு மடிவதில்லை. ஆகையால் நோய் இருக்கும் நாட்களிற் பிழிந்த பாலைப் பின்னாளுக்குச் சேமிக்காமல் அன்றைக்கே கொடுத்துவிடுக.

மருந்து தொடங்கி ஏழு நாளாகியும் குணம் இல்லையாயின் மீண்டும் வைத்தியரிடம் செல்லவேண்டும்; காரணம் வேறாய் இருக்கலாம். குழந்தை பாலை மறுத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலோ, ஏழு நாள் காத்திருத்தல் ஆகாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. முன்னர் கிண்ணியாத் தாய்மார் அதற்குப் பாதைப்படகை எதிர்பார்த்துத் துறையில் நிற்கவேண்டியிருந்தது. 2009இல் பாலம் திறந்தபின் அந்தத் தடையும் இல்லை.