பொன்னிறப் படலமும் கடற்காற்றும்

திருப்போரூரில் என் இல்லத்து முன்கதவிற்குப் பொன்னிறக் கைப்பிடி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் அதன்மேல் செந்நிறத் துருப்புள்ளிகள் தோன்றின. அடுத்த வீட்டிலும் அதே நிறக் கைப்பிடிதான். அதே உப்புக்காற்றுதான் வீசுகிறது. அதுவோ இன்றும் பளபளக்கின்றது. இரண்டும் எஃகினால் ஆனவை. இரண்டின் மேலும் இருப்பது பொன்னன்று. டைட்டானியம் நைட்ரைடு என்னும் சேர்மம். பொருள் ஒன்றாயிருக்கக் குணம் வேறாவானேன்?

இப்படலத்தின் கனம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கே. இதனைத் தூரிகையால் பூசுவதில்லை. காற்று நீக்கப்பெற்ற கலத்தினுள் சிறிதளவு ஆர்கான் வாயுவைச் செலுத்தி, சில நூறு வோல்ட் மின்னழுத்தம் தருவார்கள். வாயு அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, ஒளிரும் மின்னூட்ட வாயு உண்டாகும். இதற்குப் பிளாஸ்மா என்று 1928இல் பெயரிட்டவர் அமெரிக்க அறிஞர் லாங்மியூர். நேர்மின் ஆர்கான் அயனிகள், எதிர்மின்னேற்றிய டைட்டானியத் தகட்டை மோதி அணுக்களைப் பெயர்த்தெறிகின்றன. அவை எதிரேயுள்ள பொருளின்மேல் நைட்ரஜனோடு கூடிப் படிகின்றன.

இனி நிபந்தனைகளுக்கு வருவோம். முதலாவது அழுத்தம். கலத்தில் அரைப் பாஸ்கல் அழுத்தம் இருந்தால், ஓர் அணு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் தூரம் மோதலின்றிச் செல்லும். வேகம் குறையாது வந்து அழுந்திப் பதியும். அழுத்தம் மிகுந்தாலோ, திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டவனைப் போல் முட்டி மோதித் தளர்ந்து, பக்கவாட்டிலும் வந்து விழும். முன்னே எழுந்த மேடுகள் பின்வரும் அணுக்களை மறைக்க, இடையே பள்ளங்கள் நிரம்பாமல் நிற்கும். படலம் நெருக்கமற்ற தூண்களின் தொகுதியாக வளரும். அத்தூண்களின் இடைவெளியே உப்புநீர் எஃகைச் சென்றடையும் வழி. டைட்டானியம் நைட்ரைடு துருப்பிடிப்பதில்லை. அதன் கீழுள்ள எஃகுதான் துருப்பிடிக்கிறது.

வெப்பமும் அத்தகையதே. கோவளத்து உப்பளங்களைக் கண்டவர்கள் அறிவார்கள்: நீர் மெல்ல வற்றினால் உப்பு மணி பெருக்கும், விரைந்து வற்றினால் சிறுக்கும். துகள்களுக்குத் தக்க இடம் தேட அவகாசம் வேண்டும். படலத்தில் அந்த அவகாசத்தை வெப்பம் தருகிறது. குளிர்ந்த பரப்பில் அணு விழுந்த இடத்திலேயே நின்றுவிடும்; சூடான பரப்பில் நகர்ந்து சென்று குழியை நிரப்பும். அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து படல அமைப்பை மாற்றும் விதத்தை 1974இல் தார்ன்டன் என்பவர் படமாக வரைந்து காட்டினார். ஆயினும் வெப்பத்தை விருப்பம்போல் ஏற்ற இயலாது; அடியிலுள்ள எஃகின் உறுதி தளர்ந்துவிடும்.

அதற்கு மாற்றாக, படலம் படியும் பொருளுக்கே ஐம்பது முதல் நூறு வோல்ட் வரை எதிர்மின்னழுத்தம் தருவதுண்டு. அயனிகள் வந்து, தரையைத் திமிசு போட்டு இறுக்குவது போல், படலத்தை இறுக்குகின்றன. இதுவும் அளவு மீறினால் படலத்துள் அழுத்தத் தகைவு பெருகி, அது செதிலாக உரிந்துவிடும்.

நிறத்தைத் தருவது நைட்ரஜனின் அளவு. குறைந்தால் வெளிர்மஞ்சள்; தக்க அளவில் பொன்னிறம்; மிகுந்தால் செம்பழுப்பு. மேலும் மிகுந்தால் டைட்டானியத் தகட்டின் முகமே நைட்ரைடாகி, அணுக்கள் பெயர்வது வெகுவாகக் குறையும். கவனியுங்கள்: நைட்ரஜனைச் சரியாக விட்டு, அழுத்தத்திலும் வெப்பத்திலும் பிழைசெய்தால் நிறம் அழகாகவே அமையும், கடைக்காரருக்கும் வாங்குபவருக்கும் குறை தெரியாது. என் கைப்பிடியைப் பற்றி எனக்கு எழும் ஐயமும் இதுவே.

நமக்குத் தெற்கே கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இத்தகைய நைட்ரைடுப் படலங்களை ஆக்கி ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே அதிவேக ஈனுலையைக் குளிர்விப்பது உருகிய சோடியம். அது எஃகின் மேலுள்ள இயற்கையான ஆக்சைடுத் தோலை அகற்றிவிடுவதால், தொட்டிருக்கும் இரு பாகங்கள் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே உரசும் இடங்களில் கடினமான மேற்பூச்சு இன்றியமையாதது. ஆனால் அங்குப் பாகங்களுக்கு இட்டது மென்படலமன்று; பிளாஸ்மா வில்லினால் உருக்கிப் படியவைத்த கனத்த நிக்கல் கலப்புலோகம். வழக்கமான கோபால்ட் கலப்புலோகத்தை அவர்கள் விலக்கியதற்குக் காரணம், கோபால்ட் நியூட்ரான்களை ஏற்றுக் கதிரியக்கமுடையதாகி, பின்னர்ப் பழுதுபார்ப்போரை வருத்தும் என்பதே.