பழைய காருக்கு ஏற்ற எண்ணெய் எது?

மாட்டு வண்டிக் காலத்திலேயே நம் முன்னோர் அச்சின் அருமையை நன்கு அறிந்திருந்தனர். உப்பு வாணிகம் செய்த உமணர் நெடுவழி செல்லும்போது, ஓர் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கெனச் சேமஅச்சு ஒன்றை வண்டியின் அடியிற் கட்டிச் சென்ற செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. அச்சுத் தேயாமலிருக்க மசகு இடுவதும் வண்டிக்காரரின் நித்திய கடமைகளுள் ஒன்றாக இருந்தது. இன்று மன்னாரின் உப்பளங்களை அடுத்த வீதிகளில் மோட்டார் வண்டிகள் ஓடுகின்றன. எனினும், இரும்போடு இரும்பு உராயும் இடத்தில் எண்ணெய் வேண்டும் என்னும் நியதி மட்டும் மாறவில்லை. எந்த எண்ணெய் என்பதே கேள்வி.

இக்கேள்வி வட பகுதி மக்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. 1947 இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ 40, 1948 இல் பிறந்த மொறிஸ் மைனர், 1954 முதல் வந்த ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய பிரித்தானியக் கார்கள் நம் குடும்பங்களிற் பலவற்றுக்கு மூத்த உறவினர் போன்றவை. மணமக்களை ஏற்றியவையும் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றவையும் இவையே. 1990 ஆம் ஆண்டுக்குப் பின் வடக்கில் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை முதியோர் பலர் இன்றும் கூறுவர். இக்கார்களின் அழுத்த விகிதம் குறைவாக இருந்தமையாலேயே அது இயன்றது. ஆயினும் அதற்கு ஒரு விலையும் இருந்தது. முற்றாக ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வழிந்து, அடித்தொட்டியிலுள்ள எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது. அடிக்கடி ஒயிலை மாற்றியவர்களின் கார்கள் பிழைத்தன. மாற்றாதவர்களின் எஞ்சின்கள் தேய்ந்து போயின.

அத்துணை இடரையும் கடந்து வந்த எஞ்சின், இன்று சமாதான காலத்தில், தகாத ஒயிலாற் கெடுமாயின் அது பெரும் பரிதாபமன்றோ? எனக்குத் தெரிந்த குடும்பமொன்றில் வெளிநாட்டிலிருந்து வந்த மகன், பாட்டனாரின் காருக்குக் கடையிலிருந்தவற்றுள் மிக விலையுயர்ந்த ஒயிலை வாங்கி ஊற்றினார். அன்பின் மிகுதியாற் செய்த காரியந்தான். ஆனால் அந்த ஒயில் இன்றைய புதிய கார்களுக்கெனச் செய்யப்பட்ட மிக மெல்லிய வகை. ஒரு வாரத்துள் முற்றத்து மணலிற் கரிய வட்டங்கள் தோன்றின. எஞ்சின் சூடேறியதும் ஒயில் அழுத்தத்தைக் காட்டும் முள்ளும் கீழிறங்கியது. விலையுயர்ந்த மருந்தெல்லாம் எல்லா நோய்க்கும் ஏற்றதாகிவிடாது.

எண்களின் பொருள்

ஒயில் தகரத்தின்மேல் ‘20 டபிள்யூ 50’ என்றோ ‘5 டபிள்யூ 30’ என்றோ எழுதப்பட்டிருப்பதை மாணவர்கள் கண்டிருப்பர். இவை பாகுத்தன்மையைக் குறிக்கும் எண்கள். தேன் மெல்ல வழிகின்றது. தண்ணீர் விரைந்து ஓடுகின்றது. தேனுக்குப் பாகுத்தன்மை மிகுதி என்பதே இதன் கருத்து. ‘டபிள்யூ’ என்னும் எழுத்து ஆங்கிலத்திற் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதையும், பின்னுள்ள எண் எஞ்சின் சூடேறியபின் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதையும் காட்டும்.

20 டபிள்யூ வகை ஒயில், சுழியத்துக்குக் கீழ் 15 பாகை செல்சியசிலும் எஞ்சினைச் சுழலவிட வேண்டும் என்பது விதி. 5 டபிள்யூ வகைக்கு அது சுழியத்துக்குக் கீழ் 30 பாகை. மன்னாரில் மார்கழிப் பனியிலும் அத்தகைய குளிரை நாம் காணப்போவதில்லை. ஆகவே அந்த முதல் எண்ணைக் குறைப்பதற்கெனக் கூடுதற் பணம் கொடுப்பதால் நமக்குப் பெரும் பயனில்லை.

நாம் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண்ணையே. 100 பாகை செல்சியசில் 50 ஆம் இலக்க ஒயிலின் பாகுத்தன்மை குறைந்தது 16.3 சென்ரிஸ்ரோக் ஆகும். இன்றைய சிறு கார்கள் பலவற்றுக்கு உரிய 20 ஆம் இலக்கத்துக்கோ அது 6.9 இற்கும் 9.3 இற்கும் இடைப்பட்டதே. புதிய எஞ்சின்களின் பாகங்களுக்கிடையே உள்ள இடைவெளி மிக நுண்ணியதாதலின் மெல்லிய ஒயில் அவற்றுக்குப் போதும். பழைய எஞ்சின்களின் இடைவெளி பெரிது. தேய்வினால் அது மேலும் பெருத்திருக்கும். அன்றியும், மொறிஸ் மைனர் போன்ற கார்களின் கிராங் தண்டின் பின்முனையில் இறப்பர் அடைப்பு வளையம் இல்லை. தண்டிலே வெட்டப்பட்ட திருகு வரியொன்றே ஒயிலை உள்ளே திருப்பி அனுப்புகின்றது. மெல்லிய ஒயில் அந்த வரியைத் தாண்டி ஒழுகிவிடும்.

அக்காலப் பிரித்தானியக் கார்களின் கைந்நூல்கள் பலவற்றில் வெப்பமான இடங்களுக்கு 30 ஆம் இலக்கத் தனிவகை ஒயில் குறிக்கப்பட்டிருந்தது. 1960 களில் 20 டபிள்யூ 50 என்னும் பன்முக ஒயில் பரவியபின், அதுவே இத்தகைய கார்களுக்கு வழக்கமான ஒயிலாயிற்று. ஓடித் தேய்ந்த எஞ்சினுக்குக் கனிய எண்ணெயாற் செய்த 20 டபிள்யூ 50 இன்றும் நல்ல தெரிவே. அதற்கு விலையும் மிகுதியில்லை.

கண்ணுக்குத் தெரியாத காவலன்

பாகுத்தன்மை ஒன்றே போதுமா? போதாது. பழைய எஞ்சின்களில் வால்வுகளைத் திறக்கும் காம் தண்டின்மேல், தட்டையான அடியுடைய ராப்பற்றுகள் உருளாது உராய்ந்தே செல்கின்றன. அச்சிறு இடத்தில் விழும் அழுத்தம் மிகப் பெரிது. அங்கே ஒயிற்படலம் கிழியும்போது உலோகத்தைக் காப்பது, ஒயிலிற் கலந்துள்ள நாகமும் பொசுபரசும் சேர்ந்த ஒரு சேர்வையாகும். அது தன்னைத் தியாகம் செய்து உலோகத்தின்மேல் மெல்லிய போர்வையாகப் படிகின்றது.

ஆனால் புதிய கார்களின் புகைக் குழாயிலே நச்சுவாயுவைத் தூய்மையாக்கும் ஊக்கி மாற்றிக்குப் பொசுபரசு பகையாகும். ஆகவே 2004 இல் அறிமுகமான ‘எஸ்.எம்.’ தரம் முதல், 30 ஆம் இலக்கம் வரையுள்ள மெல்லிய பன்முக ஒயில்களிற் பொசுபரசு 0.08 சதவீதத்துக்கு மேற்படலாகாது என விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் 1964 இல் வந்த பொன்ரியாக் ஜீ.ரி.ஓ. போன்ற பேராற்றல் வாய்ந்த ‘மசில்’ கார்களை வைத்திருப்போர், காம் தண்டு விரைவிற் தேய்கின்றதென்று முறையிட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. அக்கார்களின் எஞ்சின் 6.4 லீற்றர், நம் மொறிஸ் மைனரின் எஞ்சின் ஒரு லீற்றர் அளவே. எனினும் இரண்டிலும் ராப்பற்றின் அடி தட்டையே. இரண்டுக்கும் நீதி ஒன்றே. 20 டபிள்யூ 50 போன்ற தடித்த வகைகளை மேற்கூறிய வரம்பு கட்டுப்படுத்தாது. ஆயினும் வாங்குமுன் தகரத்திலுள்ள விபரத்தைப் படித்து, நாகச் சேர்வை போதிய அளவு உண்டா என விசாரித்தல் நன்று. மூடியின் முத்திரை உடையாதிருத்தலையும் பார்த்துக்கொள்க.

பழைய அழுக்கும் புதிய ஒயிலும்

இன்றைய ஒயில்களில் அழுக்கைக் கழுவி, அதைத் தம்முள்ளே மிதக்கவைக்கும் பொருள்கள் உள்ளன. ஊற்றிய சில நாளிலேயே ஒயில் கறுத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. அது தன் கடமையைச் செய்கின்றது. ஆனால் பல்லாண்டு வீட்டுக் கொட்டிலில் உறங்கிய காரை எழுப்புவோர் ஒன்றை மறத்தலாகாது. அடித்தொட்டியிற் சேறாக உறைந்த பழைய கசடு திடீரெனக் கழன்று, ஒயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடக்கூடும். முதலில் தொட்டியைக் கழற்றித் துடைத்து, புதிய ஒயிலை ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டியபின் மீண்டும் மாற்றுவதே பாதுகாப்பான வழி.

மணலும் காற்றும்

மன்னாருக்கெனச் சில தனிக் கவனங்களும் உள. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தீவெங்கும் மணல் பறக்கின்றது. எஞ்சினுள் நுழையும் நுண்மணல் உராய்காகிதம் போலத் தேய்க்கும். பழைய கார்கள் சிலவற்றிற் காற்று வடிகட்டியின் அடியில் சிறு ஒயிற் கிண்ணமொன்று உண்டு. தூசு அதிலே படியும். காற்றுக் காலத்தில் அக்கிண்ணத்தை அடிக்கடி கழுவி ஒயில் மாற்றுதல் வேண்டும்.

நகருக்குள்ளேயே சந்தைக்கும் பாடசாலைக்குமாகச் சிறு தூரம் ஓடும் காரில், எஞ்சின் முற்றாகச் சூடேறுவதில்லை. உள்ளே ஒடுங்கிய நீராவி ஒயிலோடு கலந்து, ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் படியும். மாதத்தில் ஒருமுறையேனும் மடு வரை போய் வந்தால் அந்நீர் ஆவியாகி அகன்றுவிடும். அளவுகோலிலேயே ஒயில் பால் போலத் தோன்றினால், தண்ணீர் கசிகின்றதென்று அறிந்து உடனே மெக்கானிக்கிடம் காட்டுக. ஏறத்தாழ 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அவ்வளவு ஓடாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை, ஒயிலை மாற்றுதல் தகும்.

கழிந்த ஒயில் எங்கே போகின்றது?

மாற்றிய ஒயிலை வேலியோரத்தில் ஊற்றும் வழக்கம் நம்மிடையே உண்டு. மன்னார்த் தீவின் நன்னீர், மணலின் கீழே உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படையே என்பதை நினைத்தால் எவரும் அவ்வாறு செய்யத் துணியார். இன்று வேலியோரத்தில் ஊற்றியது நாளை கிணற்றில் வந்து சேரலாம். தீவின் பாலத்தை அடுத்த வங்காலைச் சதுப்பு நிலமோ, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் பெற்ற பறவைப் புகலிடம். ஆதலால் கழிந்த ஒயிலைப் பழைய கலனில் அடைத்து, அதனைச் சேர்த்தெடுக்கும் கராஜில் ஒப்படைத்தலே முறை.

காரின் கைந்நூலைப் படித்தல், அளவுகோலை வாரந்தோறும் துடைத்துப் பார்த்தல், உரிய காலத்தில் ஒயிலை மாற்றுதல் என்னும் இம்மூன்றும் பணம் வேண்டாதவை அல்லது சிறு பணமே வேண்டுபவை. இன்று தவறிப் போகும் ஒரு பெயாரிங்குக்கு மாற்றுத் தேடிக் கொழும்பெங்கும் அலைந்தாலும் அது கிடைப்பது அரிது. முதியோருக்கு அவர்தம் உடலுக்கு இசைந்த உணவை இடுவதே உபசாரம். மூத்த எஞ்சினுக்கும் அதன் அமைப்புக்கு இசைந்த எண்ணெயை இடுவோமாயின், தாத்தா ஓட்டிய காரிற் பேரனும் மன்னார்ப் பாலத்தைக் கடந்து செல்வான்.