நிழல் ஆடும் நெபுலா

நெபுலாக்கள் நம் ஆயுட்காலத்தில் மாறாதவை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். என்ஜிசி 2261 அதற்கு விதிவிலக்கு. சில வாரங்களிலேயே அதன் தோற்றம் மாறிவிடும்.

1783இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த இந்த நெபுலா மாறுகிறது என்பதை, வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை ஒப்பிட்டு 1916இல் அறிவித்தவர் எட்வின் ஹபிள். அதனால் இதற்கு ‘ஹபிளின் மாறும் நெபுலா’ என்று பெயர். பாலோமர் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கி 1949இல் எடுத்த முதல் படமும் இதுதான்.

விசிறி வடிவ நெபுலாவின் கூர்முனையில், தூசிக்குள் புதைந்து கிடக்கிறது ஆர் மோனோசெரோடிஸ் என்ற இளம் விண்மீன். நாம் பார்ப்பது அதன் ஒளியைத் தூசி சிதறடிப்பதைத்தான். விண்மீனை ஒட்டித் தூசித்திரள் ஒன்று கடந்தால், அதன் நிழல் விசிறி முழுவதும் படர்கிறது. தோற்பாவைக் கூத்தில் விளக்கை நெருங்கும் பாவையின் நிழல் திரையில் பெருத்துவிடுமே, அதே கணக்கு. நெபுலா இருந்த இடத்தில்தான் இருக்கிறது; அதன்மேல் விழும் நிழல்தான் நகர்கிறது.

டிசம்பர் முதல் மார்ச் வரை இதைப் பார்க்க ஏற்ற காலம். திருவாதிரை, புரோசியான் ஆகிய விண்மீன்களுக்கு ஏறக்குறைய நடுவில், சற்று வடக்கே தேடுங்கள். ‘கிறிஸ்துமஸ் மரம்’ விண்மீன் கொத்து கிடைத்துவிட்டால், அங்கிருந்து ஒரு பாகை தெற்கே வந்தால் போதும். நிலவற்ற இரவு, நகர வெளிச்சம் எட்டாத இடம், 6 அங்குலத் தொலைநோக்கி இருந்தால் வால்மீன் போன்ற சிறு வெண்திட்டு தெரியும். உருவம் சிறியது என்பதால் 100 முதல் 150 மடங்கு வரை பெரிதாக்கிப் பார்க்கலாம். நெபுலா ஃபில்டர் இங்கே பயன்படாது. அது வாயு உமிழும் குறிப்பிட்ட நிறங்களை மட்டும் அனுமதிப்பது, இதுவோ சிதறிவரும் விண்மீன் ஒளி.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் கொடுங்கள். பிறகு நேராகப் பார்க்காமல் கடைக்கண்ணால் பாருங்கள். மங்கலொளியை உணரும் குச்சி செல்கள் விழித்திரையின் நடுமையத்தில் இல்லை, சுற்றிலும்தான் இருக்கின்றன. விசிறியின் எந்த ஓரம் பளிச்சென்று இருக்கிறது, எது மங்கியிருக்கிறது என்று தேதியிட்டு வரைந்து வைத்து, அடுத்த அமாவாசைக்கு ஒப்பிடுங்கள்.

சிறு கருவிதானே என்று தயங்க வேண்டாம். 2004 ஜனவரியில் ஓரியன் விண்மீன் குழுவின் எம்78 நெபுலா அருகே, அதுவரை யாரும் அறியாத நெபுலா ஒன்றைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த அமெச்சூர் வானியலாளர் ஜே மெக்நீல். அங்கும் திடீரெனப் பிரகாசித்த இளம் விண்மீன் ஒன்றுதான் காரணம். அவர் கேமராவைப் பொருத்திப் படமெடுத்தது வெறும் 3 அங்குலத் தொலைநோக்கியில்.