ஜெராக்ஸ் கடையும் பதிப்புரிமைச் சட்டமும்

சித்தூரிலே பாத்திர வியாபாரம் செய்பவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் தமிழ் எம்.ஏ. படிக்கும் ஒரு பெண்தான் காரணம். சமண இலக்கியம் பற்றி என்னிடமிருந்த நூலொன்றை வாங்கிப் போனாள். ஆசிரியர் குறித்துக் கொடுத்த இரண்டு அதிகாரங்களை வகுப்புக்காகப் படியெடுக்கப் போனால், கடைக்காரர் "காப்பிரைட் புக்கும்மா, கேஸாயிடும்" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். தமிழ்ப் புத்தகம் கிடைப்பதே அரிதான ஊரில் ஒற்றைப் பிரதியை வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்க எப்படிப் படிக்கும்?

கடைக்காரர் பயம் வீண் பயம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவு (1)(ஐ)யைப் பாருங்கள். பாடம் நடத்தும் போக்கில் ஆசிரியரோ மாணவரோ படியெடுத்தால் அது உரிமை மீறல் ஆகாது.

இதைத் தெளிவாக்கியது டெல்லி வழக்கு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள், டெல்லிப் பல்கலைக்கழகத்தையும் அதன் வளாகத்திலிருந்த ராமேஸ்வரி என்ற ஜெராக்ஸ் கடையையும் 2012இல் கோர்ட்டுக்கு இழுத்தன. பல நூல்களின் பகுதிகளைக் கட்டாகச் சேர்த்து மாணவருக்கு விற்றதுதான் குற்றமாம். 2016 செப்டம்பரில் தனி நீதிபதி வழக்கைத் தள்ளினார். டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு, இத்தனை பக்கம்தான் என்று கணக்கில்லை, பாடத்துக்குத் தேவையா என்பதே கேள்வி என்றது. அந்தத் தேவையை விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன.

நானும் வியாபாரிதான், முதல் போட்டவன் கவலை எனக்குத் தெரியும். பாடத்தைச் சாக்காக வைத்து முழுப் புத்தகத்தையும் அச்சடித்துக் கடைவீதியில் விற்றால் அது திருட்டு.

பழைய நூலென்றால் கணக்கு வேறு. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை நிற்கும். முன்னே 50தான், 1941இல் மறைந்த தாகூரின் நூல்களுக்குக் கெடு முடியும் நேரத்தில், 1991 கடைசியில் கூட்டினார்கள். உ.வே.சா. 1942இல் மறைந்தார். 1887இல் அவர் பதிப்பித்த சீவக சிந்தாமணியை இன்று யாரும் தாராளமாகப் படியெடுக்கலாம். ஆனால் அதே காவியத்துக்கு நேற்று ஒருவர் உரை எழுதியிருந்தால் அந்த உரை அவருடையது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஏடு பெயர்த்தெழுதி சாஸ்திர தானம் செய்த மரபு எங்களுடையது. எனவே சும்மாயிருக்க முடியவில்லை. பிரிவு எண்ணை ஒரு பில் தாளின் பின்புறம் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அந்தக் கடைக்காரர் அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறாராம்.