குறி ஒன்று, ஒலி பல

கான்ஜி என்றதும் குடிக்கும் கஞ்சியை எண்ணாதீர்கள், நண்பர்களே! சீனரிடமிருந்து ஜப்பானியர் பெற்ற எழுத்துகளே அவை.

ஜப்பானிய வகுப்பில் சேர்ந்த புதிதில் அவற்றின் ஒலிகளைப் பட்டியலிட்டு நெட்டுருப் போட்டேன். ஒருநாள் ஆசிரியை இரண்டு எழுத்துகளைப் பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னார். முதலெழுத்து ‘முன்’, அதன் ஒலி ‘சகி’. அடுத்தது பிறப்பையும் உயிரையும் குறிப்பது. சமைக்காத உணவையும் குறிக்கும். அப்போது அதன் ஒலி ‘நமா’. “சகிநமா” என்று முழங்கினேன். வகுப்பே சிரித்தது. அது ‘சென்செய்’; முன் பிறந்தவர், அதாவது ஆசிரியர். நாள்தோறும் அவரை நான் அழைத்த சொல்!

ஏன் இந்தத் தடுமாற்றம்? சீன எழுத்தோடு சீன ஒலியும் ஜப்பானுக்கு வந்தது, அது ‘ஓன்’. அதே எழுத்தைத் தம் சொந்தச் சொல்லாலும் ஜப்பானியர் படித்தனர், அது ‘குன்’. 1 என்னும் குறியை நாம் ‘ஒன்று’ என்கிறோம். விடுதியில் அடுத்த அறை நண்பர் ‘ஏக்’ என்கிறார் அல்லவா? மலைக்குரிய எழுத்தும் அப்படியே. தனித்து நின்றால் ‘யமா’. ‘ஃபுஜிசன்’ என்னும் மலைப்பெயரில் ‘சன்’. எழுத்துகள் இணைந்தால் பெரும்பாலும் ஓன், தனித்தால் குன், விலக்குகளும் உண்டு.

2010-இல் திருத்திய அரசுப் பட்டியலில் 2136 எழுத்துகள் உள்ளன. ஒலிகளை மட்டும் உருப்போட்டு அவற்றை வெல்ல இயலாது. இப்போது எழுத்தின் பொருளை முதலில் அறிகிறேன். ஒலியைச் சொல்லோடு சேர்த்தே கற்கிறேன். ‘சென்செய்’யை இனி மறப்பேனா?